குண்டா, நிலநடுக்கமா?

1997 ஆகஸ்ட் 16 அதிகாலையில், ரஷ்யாவின் வடகோடியில் உள்ள நோவயா செம்லியா தீவுகளின் பக்கம் எங்கோ பூமி லேசாக அதிர்ந்தது. ரிக்டர் கணக்கில் மூன்றரையைத் தாண்டாத அதிர்வு. நம் ஊரில் அப்படி ஒன்று வந்தால் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். ஆனால் நோவயா செம்லியா, சோவியத் யூனியன் தன் மிகப்பெரிய அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த இடம். அந்த வாரங்களில் சோதனைத் திடலில் வேலை நடப்பதை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் ஏற்கெனவே கவனித்திருந்தன. எல்லா அணுச் சோதனைகளையும் தடைசெய்யும் சிடிபிடி ஒப்பந்தத்தில் ரஷ்யா கையெழுத்திட்டு ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை; அந்த ஒப்பந்தத்தை செனட் சபையின் ஒப்புதலுக்கு அனுப்ப அதிபர் கிளிண்டன் தயாராகிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில்தான், ரஷ்யா ரகசியமாகக் குண்டு வெடித்திருக்கக்கூடும் என்ற செய்தி வாஷிங்டன் அதிகாரிகள் வழியாகப் பத்திரிகைகளுக்கு வந்து சேர்ந்தது.

சந்தேகத்தைத் தீர்த்தது ஒற்றர்கள் இல்லை. நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளின் நில அதிர்வு நிலையங்களில் பதிவான அலைகளை அரசுக்கு வெளியே இருந்த ஆய்வாளர்கள் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். அதிர்வு தொடங்கிய இடம் சோதனைத் திடலே இல்லை. அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, காரா கடலுக்கு அடியில். முதல் அதிர்வுக்குச் சில மணி நேரம் கழித்து அதே இடத்திலிருந்து இன்னொரு சிறிய அதிர்வு வந்திருப்பதும் தெரிந்தது. கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம் என்றால் இரண்டுமே இயல்பாகப் பொருந்திவந்தன. திடலில் நடந்த வேலைக்கும் இந்த அதிர்வுக்கும் தொடர்பில்லை என்று அமெரிக்க உளவுத்துறையும் அந்த ஆண்டு முடிவதற்குள் ஒப்புக்கொண்டது.

நாட்டின் பாதுகாப்பு குறித்த முடிவுகளுக்கு அறிவியல் எப்படிப் பயன்படுகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் ஏவுகணையையும் ரேடாரையும் நினைப்பார்கள். ஆயுதம் செய்து தருவது அறிவியலின் ஒரு வேலை. அதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு வேலை உண்டு. எதிராளி என்ன செய்தான், அதை நம்மால் கண்டுபிடிக்க முடியுமா, எவ்வளவு தூரம் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்ற கேள்விகளுக்குப் பதில் தருவது அது. அணுச் சோதனைத் தடையின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்விகளைச் சுற்றியே நடந்தது. அந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஆய்வாளர்கள் தங்களுக்கு எது தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னபோது, சொன்னதை வெளியாட்கள் சரிபார்க்க வழி இருந்தபோது, அரசுகள் எடுத்த முடிவுகள் தாக்குப்பிடித்தன. பூட்டிய அறைக்குள் எண்கள் உருவானபோது அந்த எண்கள் திரும்பத் திரும்பத் தவறாகவே போயின.

1954 மார்ச் 1-ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த 'காசில் பிராவோ' குண்டு அப்படியொரு தவறான கணக்கில்தான் தொடங்குகிறது. ஐந்தாறு மெகாடன் என்று எதிர்பார்த்தார்கள். 15 மெகாடன் வெடித்தது. கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் மழைபோல் கொட்டியது. படகிலிருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள், ஒருவர் செப்டம்பரில் இறந்துபோனார். ஏப்ரல் 2-ஆம் தேதியே மக்களவையில் எழுந்து, ஒப்பந்தம் வரும்வரை சோதனைகளை இருக்கும் நிலையில் நிறுத்திவையுங்கள் என்று உலக நாடுகளைக் கேட்டவர் நேரு. கேட்டதோடு அவர் நிற்கவில்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்த டி.எஸ். கோத்தாரியிடம் அணு வெடிப்பின் விளைவுகளை ஆராய்ந்து எழுதச் சொன்னார். அது 1956-இல் யாரும் வாங்கிப் படிக்கக்கூடிய புத்தகமாக அரசு வெளியீட்டில் வந்தது. அணுகுண்டு பற்றிய பெரும்பாலான விவரங்களை வல்லரசுகள் இரும்புப் பெட்டியில் வைத்திருந்த காலத்தில், சுதந்திரம் கிடைத்துப் பத்தாண்டுகூட ஆகாத ஒரு நாடு இதைச் செய்தது. நாம் மறந்துவிட்ட பெருமை இது.

வானில் வெடித்தால் சாம்பல் காட்டிக்கொடுத்துவிடும். பூமிக்குள் வெடித்தால்? 1957 செப்டம்பர் 19 அன்று நெவாடா மலை ஒன்றைக் குடைந்து, உள்ளே 1.7 கிலோடன் குண்டை அமெரிக்கா வெடித்தது. 'ரெய்னியர்' என்று பெயர். புகையோ சாம்பலோ வெளியே வரவில்லை. அடுத்த மார்ச் மாதம் அமெரிக்க அணுசக்தி ஆணையம் வெளியிட்ட அறிக்கை, இந்த அதிர்வு அதிகபட்சம் 250 மைல் தூரம்வரைதான் பதிவானது என்றது. அது உண்மையென்றால் சோதனைத் தடை என்ற பேச்சையே மூட்டைகட்ட வேண்டியதுதான்; ரஷ்யா முழுக்க அத்தனை நெருக்கமாக நிலையங்கள் வைக்க யார் சம்மதிப்பார்கள்? ஆனால் ஐ.எஃப். ஸ்டோன் என்ற பத்திரிகையாளர், தனியாளாக ஒரு சிறு வார இதழ் நடத்தியவர், நிலநடுக்கங்களைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகத்துக்கே போய் விசாரித்தார். 2,300 மைலுக்கு அப்பால், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில்கூட அந்த அதிர்வு பதிவாகியிருந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்திக்கொண்டது. அந்தப் பதிவுகள் எல்லாரும் கேட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தன. இல்லையென்றால் 250 என்ற எண்தான் கொள்கையாகியிருக்கும்.

இதை வைத்து, சோதனைத் தடையை ஆதரித்தவர்கள் பக்கமே அறிவியல் இருந்தது என்று சொல்லிவிடக் கூடாது. 1958 கோடையில் இரு தரப்பு நிபுணர்களும் ஜெனீவாவில் கூடினார்கள். உலகம் முழுவதும் 160 முதல் 170 வரை கண்காணிப்பு நிலையங்களும் சில கப்பல்களும் இருந்தால், ஐந்து கிலோடன் அளவுக்குச் சிறிய வெடிப்புகளைக்கூடப் பிடித்துவிடலாம் என்று ஒன்றாக அறிக்கை தந்தார்கள். பனிப்போரின் உச்சத்தில் அமெரிக்க விஞ்ஞானியும் ரஷ்ய விஞ்ஞானியும் ஒரே தாளில் கையெழுத்திட்டது பெரிய செய்தி. ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் ரெய்னியர் என்ற ஒரே வெடிப்பின் மேல் நின்றது. அக்டோபரில் நெவாடாவில் இன்னும் சில குண்டுகள் நிலத்தடியில் வெடித்தபோது, ஜெனீவாவில் போட்ட கணக்கைவிட அலைகள் பலவீனமாக இருந்தன. குண்டு என்று தவறாகச் சந்தேகிக்க வேண்டிய நிலநடுக்கங்களின் எண்ணிக்கை எகிறியது. அடுத்த ஜனவரியில் அமெரிக்கா இதைச் சொன்னபோது ரஷ்யர்கள் கொதித்தார்கள், ஒப்புக்கொண்டதிலிருந்து நழுவப் பார்க்கிறார்கள் என்றார்கள்.

1959-இல் அதைவிடப் பெரிய இடி விழுந்தது. பெரிய நிலத்தடிக் குகை ஒன்றைக் குடைந்து, அதன் நடுவில் குண்டைத் தொங்கவிட்டு வெடித்தால் அதிர்வு பாறையில் சரியாக ஏறாது, முந்நூறில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும் என்று ராண்ட் நிறுவனத்தின் ஆல்பர்ட் லேட்டர் கணக்குக் காட்டினார். தடை வேண்டும் என்று உயிரைக் கொடுத்து வாதாடிக்கொண்டிருந்த, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஹான்ஸ் பெத்தே அந்தக் கணக்கைச் சரிபார்த்தார். கோட்பாடு சரிதான் என்று தெரிந்தது. தன் வாதத்தையே உடைக்கும் அந்த முடிவை அவரே ஜெனீவாவுக்குக் கொண்டுபோய் ரஷ்ய நிபுணர்களிடம் விளக்கினார். மேசைக்கு எதிரே இருந்தவர்கள் அதைக் கேட்க விரும்பவில்லை. சொல்ல அவருக்கும் மனம் இருந்திருக்காது. விஞ்ஞானிகளும் மனிதர்கள்தானே, அவரவர் அரசியலுக்கு ஏற்றபடிதானே பேசுவார்கள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்தச் சம்பவம். இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர் தடையை எதிர்த்தார், பெத்தே ஆதரித்தார். இருவருக்கும் அரசியல் இருந்தது. ஆனால் கணக்கு எழுதப்பட்டு நடுவில் வைக்கப்பட்டபோது, பிடிக்காதவரும் அதை ஏற்க வேண்டிவந்தது. பிறகு 1964-லும் 1966-லும் மிசிசிப்பி மாநிலத்தின் உப்புப் பாறைக்குள் உண்மையான வெடிப்புகளை வைத்தே இது சோதித்துப் பார்க்கப்பட்டது. அதிர்வு குறைந்தது உண்மை; எழுபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான். லேட்டர் சொன்ன விளைவும் மெய், அவர் சொன்ன அளவு மிகை என்ற இரண்டையும் ஆய்வுதான் சொல்லிற்று.

அன்றைய நில அதிர்வியலின் நிலை பரிதாபமாக இருந்தது. பல்கலைக்கழகங்களில் ஆளில்லை, கருவிகள் ஊருக்கு ஒரு மாதிரி. அமெரிக்கா நியமித்த பெர்க்னர் குழு 1959-இல் இதை வெளிப்படையாகச் சொல்லி, அடிப்படை ஆய்வுக்குப் பணம் கேட்டது. பாதுகாப்புத் துறை 'வேலா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து பிறந்ததுதான் உலகம் முழுவதும் ஒரே மாதிரிக் கருவிகள் வைத்த வலைப்பின்னல், சுமார் 60 நாடுகளில் 120 நிலையங்கள். அவற்றில் ஒன்று நம் கொடைக்கானலில் இருந்தது. மூன்று குறுகிய அலைக் கருவிகள், மூன்று நெடிய அலைக் கருவிகள், துல்லியமான ஒரு கடிகாரம். இருட்டறையில் உருளையின் மேல் புகைப்படத் தாள் சுற்றியிருக்கும். மெல்லிய ஒளிக்கீற்று அதன்மேல் கோடு இழுத்துக்கொண்டே போகும். நாளுக்கு ஆறு தாள். தாளை மாற்றி, கழுவி, நேரம் குறித்து எடுத்துவைப்பது அன்றாட வேலை. தாள்கள் அமெரிக்காவுக்குப் போய், நுண்படச் சுருளாக மாறி, கேட்ட எவருக்கும் குறைந்த விலையில் கிடைத்தன. ரஷ்யாவின் குண்டைப் பிடிக்கப் போட்ட வலை அது. ஆனால் அதன் பதிவுகளுக்கு ரகசிய முத்திரை குத்தவில்லை. அதனால்தான் லின் சைக்ஸ் போன்ற ஆய்வாளர்கள் அதே தாள்களை வைத்துக் கடலடி நிலநடுக்கங்களின் அசைவைப் படித்தார்கள். கண்டத்தட்டுகள் நகர்கின்றன என்ற கோட்பாடு 1960-களின் கடைசியில் நிலைபெற அந்தப் பதிவுகள் பெரிய ஆதாரம் ஆயின.

குண்டையும் நிலநடுக்கத்தையும் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலநடுக்கத்தில் பாறை ஒரு பிளவின் மேல் சறுக்குகிறது. அதனால் ஒரு திசையில் இருப்பவர்களுக்கு முதல் அலை நிலத்தைத் தள்ளும், இன்னொரு திசையில் இருப்பவர்களுக்கு இழுக்கும். குண்டு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தள்ளும். கேட்க எளிது, ஆனால் சிறு அதிர்வுகளில் அந்த முதல் அசைவு இரைச்சலில் மூழ்கிவிடும். நல்ல பதிவுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகுதான் இன்னொரு வழி கிடைத்தது. பூமியின் உள்ளே பாயும் அலை ஒரே அளவாக இருந்தாலும், மேற்பரப்பில் உருண்டுவரும் நீண்ட அலையை நிலநடுக்கம் பலமாகவும் குண்டு பலவீனமாகவும் எழுப்புகிறது. இந்த இரண்டையும் ஒப்பிட்டால் பெரும்பாலானவை தாமாகவே பிரிந்துவிடும்.

தெரியாததைச் சொல்லிக்கொண்டே இருந்தால் ஆட்சியாளர் எப்படி முடிவெடுப்பார் என்ற கேள்வி நியாயமானது. பிரதமரோ அதிபரோ காலையில் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். 1963-இல் நடந்ததைப் பார்ப்போம். சந்தேகத்துக்குரிய அதிர்வுகளை நேரில் போய்ப் பார்க்க ஆண்டுக்கு எத்தனை முறை அனுமதி என்பதில் பேச்சு முட்டி நின்றது. அமெரிக்கா ஏழுக்கு இறங்கியிருந்தது, சோவியத் தலைவர் குருசேவ் மூன்றுக்கு மேல் வரவில்லை. எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்பது அப்போது இருவருக்கும் தெரிந்திருந்தது. காற்றிலும் விண்வெளியிலும் நீரடியிலும் வெடித்தால் மறைக்க முடியாது. நிலத்தடியில் சந்தேகம் இருக்கிறது. மாஸ்கோவில் ஆகஸ்ட் 5 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் அந்தக் கோட்டிலேயே வரையப்பட்டது. தெரிந்த மூன்று இடங்களில் தடை, தெரியாத ஒன்றில் அனுமதி. அதன் விலையையும் மறைக்கக் கூடாது. உலகில் இதுவரை நடந்த அணுச் சோதனைகளில் சுமார் 1,500 நிலத்தடியில் நடந்தவை. ஆனால் பூமியின் காற்றிலிருந்து அந்தச் சாம்பல் குறைந்தது, பச்சைக் குழந்தைகள் குடிக்கும் பாலில் கலந்த ஸ்ட்ரான்சியம் குறைந்தது. நிச்சயமின்மையின் அளவு தெரிந்திருந்ததால்தான் அந்த அளவுக்காவது முடிவெடுக்க முடிந்தது.

அளவு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1980-கள் சாட்சி. 1974-இல் இரு நாடுகளும் 150 கிலோடனுக்கு மேல் வெடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தன. ரீகன் அரசு, ரஷ்யா அதை மீறியிருக்க வாய்ப்பு அதிகம் என்று அறிவித்தது. ஆதாரம், கஜகஸ்தானின் செமிபாலடின்ஸ்க் திடலிலிருந்து வந்த அதிர்வுகளின் அளவு. அதை நெவாடா சூத்திரத்தால் கிலோடனாக மாற்றினால் 150-ஐத் தாண்டியது. ஆனால் நெவாடாவுக்குக் கீழே உள்ள பாறை சூடானது, அலையைத் தின்றுவிடும். செமிபாலடின்ஸ்க் பழைய, குளிர்ந்த, இறுகிய பாறை. அலை பலமாகவே வந்துசேரும். ஒரே குண்டு இரண்டு இடத்திலும் வெடித்தால் ரஷ்யக் குண்டு இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1986-இல் அமெரிக்க உளவுத்துறை தன் கணக்கை மாற்றியது. அதே ஆண்டு கோடையில், இரு அரசுகளும் செய்யத் துணியாததை ஒரு தன்னார்வ அமைப்பும் சோவியத் அறிவியல் கழகமும் செய்தன. அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கள் கருவிகளோடு திடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளிய கர்கராலின்ஸ்க் போய் உட்கார்ந்து, அந்தப் பாறையின் தன்மையை அளந்தார்கள். 1988-இல் இரு அரசுகளுமே ஒருவர் திடலில் மற்றவர் அளக்க, ஒரு வெடிப்பு நெவாடாவிலும் ஒன்று செமிபாலடின்ஸ்கிலும் நடத்திப் பார்த்தன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் அந்த ஆண்டு சொன்னது இதுதான்: ரஷ்யா வரம்பை மீறியதற்கு ஆதாரமில்லை. பாறையின் சூட்டைக் கணக்கில் சேர்க்காத ஒரு சூத்திரம், ஒரு அணு வல்லரசு இன்னொன்றை ஆண்டுக்கணக்கில் ஏமாற்றுக்காரராகப் பார்க்கும்படி செய்திருந்தது.

எல்லாவற்றையும் திறந்து வைத்தால் எதிரிக்கு வசதியாகிவிடாதா என்ற ஆட்சேபம் எப்போதும் வரும். குண்டின் வடிவமைப்பு, ஒற்றரின் பெயர், செயற்கைக்கோளின் கூர்மை இவை ரகசியமாக இருக்க வேண்டியவைதான். பாறை வழியாக அலை எப்படிப் போகிறது என்பதில் யாருடைய ரகசியமும் இல்லை. கண்காணிப்பு பலமாக இருப்பது எதிரிக்குத் தெரிந்தால், மறைத்துவிடலாம் என்ற ஆசையே அவனுக்குக் குறையும். இன்று சிடிபிடி அமைப்பு திட்டமிட்டிருக்கும் 337 நிலையங்கள், ஆய்வகங்களின் பட்டியல் எல்லாரும் பார்க்கக்கூடியது. 2006 அக்டோபர் 9 அன்று வடகொரியா வெடித்த சிறிய குண்டை அந்த வலைப்பின்னல் உடனே பிடித்தது. இரண்டு வாரம் கழித்து, கனடாவின் யெல்லோநைஃபில் காற்றில் கலந்திருந்த செனான் வாயு அது அணுகுண்டுதான் என்று உறுதிசெய்தது.

ஆனாலும் அறிவியல் கையைப் பிடித்து வாக்களிக்க வைக்காது. 1999 அக்டோபரில் செனட் சபை 51-48 என்று சிடிபிடியை நிராகரித்தது. சிறு வெடிப்புகளைச் சரிபார்க்க முடியாது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மூன்று ஆண்டு கழித்து, மறைக்கும் உத்திகள் இல்லாவிட்டால் ஒரு கிலோடனுக்கும் குறைந்த வெடிப்புகளையே பிடிக்க முடியும் என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அறிக்கை தந்தது. அந்த ஒப்பந்தத்துக்கு அமெரிக்கா இன்னும் ஒப்புதல் தரவில்லை. 1979 செப்டம்பர் 22 அன்று தென் கடலுக்கு மேலே வேலா செயற்கைக்கோள் பார்த்த இரட்டை ஒளிவெட்டு என்ன என்பதிலும் நிபுணர்களே பிரிந்து நின்றார்கள். வெள்ளை மாளிகை அமைத்த குழு குண்டாக இருக்க வாய்ப்பு குறைவு என்றது, வேறு அரசு ஆய்வாளர்கள் குண்டுதான் என்றார்கள். ஆய்வு தோற்ற இடங்கள் இவை என்று சிலர் காட்டுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 1999-இல் வாக்களித்தவர்கள் தங்கள் தீர்மானத்துக்குத் தாங்களே பொறுப்பு; கண்டுபிடிக்க முடியாது என்ற காரணத்தின் பின்னால் இனி ஒளிய முடியாதபடி ஆய்வு செய்துவிட்டது. 1979-இல் பதிவுகளில் பல மூடியே இருந்தன. தகராறு இவ்வளவு காலம் நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கதையில் நமக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. 1965-இலிருந்து பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் நில அதிர்வுக் கருவிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டு உலகின் அணுச் சோதனைகளைக் கேட்டுவருகின்றன; பிரிட்டன் உதவியோடு தொடங்கி, பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்திவருவது. 1998 மே 11 அன்று பொக்ரானில் நாமே மூன்று குண்டுகளை ஒரே நேரத்தில் வெடித்தோம். மொத்தம் 58 கிலோடன் அளவு என்று நம் அணுசக்தித் துறை சொன்னது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் அதில் பாதிக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். அந்தத் துறையின் தலைவராக இருந்த ஆர். சிதம்பரமும் அவரது சகாக்களும் கட்டுரைகள் எழுதிப் பதில் சொன்னார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குண்டு ஒரே சமயம் வெடித்தால் அலைகள் ஒன்றையொன்று சில திசைகளில் அழித்துக்கொள்ளும், வேறு நாட்டுச் சூத்திரத்தைப் பொக்ரான் பாறைக்குப் பொருத்தக் கூடாது என்பது அவர்கள் வாதம். செமிபாலடின்ஸ்க் கதை தெரிந்த எவரும் அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. 2009-இல், அந்தச் சோதனையில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தரப்பில் பொறுப்பில் இருந்த கே. சந்தானமே, மூன்றில் ஒன்றான ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த அளவு வெடிக்கவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். அரசு மறுத்தது.

இரு தரப்பும் நாட்டின் மேல் அக்கறை உள்ள மூத்த விஞ்ஞானிகள். யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் இந்தக் கேள்வி ஏட்டுச் சண்டையும் இல்லை. இனிச் சோதனை செய்வதில்லை என்று 1998-இல் நாமாகவே அறிவித்த நிறுத்தம் இன்றும் தொடர்கிறது. கையில் இருக்கும் குண்டு வேலை செய்யும் என்ற நம்பிக்கைதான் அதன் அடித்தளம். அந்த நம்பிக்கை நிற்கும் தரவு முழுவதும் இன்னும் பொதுவில் வைக்கப்படவில்லை. துறைக்கு வெளியே உள்ள நிபுணர்கள் குழு ஒன்று பார்க்கட்டும் என்ற கோரிக்கை 2009-லேயே எழுந்தது. பொக்ரானுக்கு அருகே அன்று வைத்திருந்த கருவிகளின் பதிவுகளிலிருந்து குண்டின் வடிவமைப்பை யாரும் திருட முடியாது. அவை எவ்வளவு வெடித்தது என்பதை மட்டுமே சொல்லும். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஐதராபாத்திலும் டேராடூனிலும் ஐஐடிகளிலும் அந்த அலைகளைப் படிக்கத் தெரிந்த இளம் ஆய்வாளர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். அவர்கள் கையில் அந்தப் பதிவுகளைக் கொடுங்கள் என்றுதான் அரசை நாம் கேட்க வேண்டும்.